தக்காளி விலையும் பட்டத்தின் விலையும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம். வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு ஒரு விவசாயி நேராக என் வீட்டுக்கு வந்தார். கூடவே மகளும் வந்திருந்தாள். பத்தாம் வகுப்பில் அவளுக்கு நான் கணிதம் எடுத்திருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "வாத்தியாரே, இப்போது எந்தப் படிப்புக்கு விலை இருக்கிறது?"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தமிழ் படிக்க ஆசை சார்" என்றாள்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி என்று எந்த ஊருக்குப் போனாலும் மே மாதத்துத் திண்ணைகளில் இந்த இரண்டு குரல்களும் கேட்கும். ஒன்று வேலையைக் கேட்கும், இன்னொன்று ஆசையைச் சொல்லும். பட்டிமன்றம் நடத்துகிறவர்களுக்கு நல்ல தலைப்பு. எனக்கோ, பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பிறகு, இந்த இரண்டு குரல்களிலுமே சந்தேகம் வந்துவிட்டது. பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்குப் பிடித்தது எது என்பதும் தெளிவாகத் தெரியாது. நான்கு வருடம் கழித்து எதற்கு வேலை இருக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடிய வேறு சில சங்கதிகள் இருக்கின்றன, அவற்றைத்தான் யாரும் கேட்பதில்லை.

முதலில் அந்த அப்பா கேட்ட விலையை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்ன சொல் அவர் நினைத்ததைவிடப் பொருத்தமானது. எங்கள் பக்கத்தில் தக்காளி போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விலை ஏறியிருக்கும்போது எல்லோரும் நாற்று நடுவார்கள். பறிப்புக்கு வரும்போது எல்லோருடைய தக்காளியும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வரும். விலை விழும். பறிப்புக்கூலிகூடத் தேறாமல் செடியோடு விட்டுவிடுவார்கள். அடுத்த போகத்தில் பயந்துபோய் யாரும் போடமாட்டார்கள், அப்போது விலை மறுபடி ஏறும். துணிந்து போட்ட ஒருவர் மட்டும் வீட்டுக்கு ஓடு மாற்றுவார். பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்திவலைக் கோட்பாடு என்று பெயர். விலையையும் விளைச்சலையும் வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தால் சிலந்தி வலை பின்னியதுபோல் வரும் என்பதால், 1934இல் நிக்கோலஸ் கால்டார் என்ற பொருளியல் அறிஞர் வைத்த பெயர் அது. விதைக்கிற நாளுக்கும் விற்கிற நாளுக்கும் இடையில் இடைவெளி இருக்கும் எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும்.

பட்டத்துக்கும் பொருந்தும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970களில் பொறியியல் படிப்பை வைத்து இதே கணக்கைப் போட்டார். தொடக்கச் சம்பளம் ஏறும்போது மாணவர்கள் குவிகிறார்கள், அவர்கள் படித்து வெளியே வரும்போது ஆள் மிகுந்து சம்பளம் தேய்கிறது, அதைப் பார்த்து அடுத்த கூட்டம் விலகுகிறது, சில வருடங்களில் ஆள் தட்டுப்பாடு வருகிறது. தக்காளிக்கு இரண்டு மூன்று மாதம், இதற்கு நான்கு வருடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் கண் முன்னாலேயே இது நடந்திருக்கிறது. 2000களின் நடுவில் மென்பொருள் நிறுவனங்கள் கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தன. அதைப் பார்த்துப் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. 2010களின் நடுவில் தமிழ்நாட்டில் மட்டும் ஐந்நூறுக்கு மேல் இருந்தன. பாலக்காடு கணவாய் வழியாகக் கோவைக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் கல்லூரி வளைவுகள் எழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு இடங்கள் காலியாகக் கிடந்தன, பல கல்லூரிகள் பூட்டப்பட்டன. கோவிட் முடிந்த கையோடு மறுபடி வேலைவாய்ப்பு பொங்கியது. 2022இல் வேலைக் கடிதம் கையில் வாங்கிய பலர் 2023இல் எப்போது கூப்பிடுவார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2024-25 கல்வியாண்டு முதல், ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் எடுத்துவிட்டது. கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு கணினிப் பிரிவைப் பெருக்கியிருக்கின்றன. அந்த இடங்களில் சேர்ந்தவர்கள் 2028இல் மொத்தமாகப் பறிப்புக்கு வருவார்கள். விலை விழும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. இன்றைய விலையைப் பார்த்து நடுகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தக்காளியோடு இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் நின்றுவிடும். தக்காளி விலை விழுந்தால் அடுத்த போகத்தில் வெங்காயம் போடலாம், பட்டத்தைப் பெரும்பாலோர் ஒரே ஒரு முறைதான் விதைக்கிறார்கள். இன்னொன்று, சந்தையில் விலை விழும்போது நல்ல தக்காளிக்கும் விழும். பட்டத்தில் அப்படியில்லை. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் எழுதிய ஒரு கட்டுரை இதை விளக்குகிறது, அந்த ஆய்வுக்காக 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வேலை கொடுப்பவருக்கு எதிரில் நிற்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. கடினமான ஒன்றை முடித்திருக்கிறார் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். பட்டம் அந்த அடையாளம். ஊரில் இரண்டு பேரிடம் இருந்தபோது அது தலைப்பாகை மாதிரி தெரிந்தது, எல்லோரும் கட்டிக்கொண்ட பிறகு துணி எந்தக் கடையில் வாங்கியது என்று பார்க்கத் தொடங்கினார்கள். அதனால்தான் இன்று பி.இ. என்பதைவிட எந்தக் கல்லூரி பி.இ. என்ற கேள்விக்கு மதிப்பு. விலை இருக்கிற படிப்பை விலை இல்லாத இடத்தில் படிப்பதைவிட, விலை இல்லாத படிப்பை நல்ல இடத்தில் படிப்பது பல நேரம் மேல் என்று நான் சொல்வது இதனால்தான். இதை எந்த அப்பாவும் முதல் தடவையில் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது மகளின் ஆசைக்கு வருகிறேன். இதில்தான் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளின் கதை மற்ற ஊர்க் கதையிலிருந்து விலகுகிறது.

எங்கள் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படிக்கலாம். விசை, திசைவேகம், ஒளிச்சேர்க்கை என்று படித்த பிள்ளை பிளஸ் ஒன்னுக்குப் போகிறது. புத்தகம் ஆங்கிலத்தில். ஆசிரியர் விளக்குவது மலையாளத்தில். விசைக்கு அங்கே "பலம்" என்கிறார்கள், நமக்கு அது வேறு பொருள். திசைவேகம் "பிரவேகம்" ஆகிவிடுகிறது. ஒளிச்சேர்க்கை "பிரகாச சம்ஸ்லேஷணம்" ஆகிவிடுகிறது. தெருவில் மலையாளம் சரளமாகப் பேசுகிற பிள்ளைக்கும் பாடத்து மலையாளம் வேறு மொழிதான். இரண்டு வருடம் இப்படித் தட்டுத்தடுமாறி முடித்துவிட்டு, "எனக்கு இயற்பியல் பிடிக்கவில்லை சார்" என்று வந்து நிற்பார்கள். பிடிக்காமல் போனது இயற்பியலா, அது வந்து சேர்ந்த பாதையா என்று அவர்களுக்கே தெரியாது. இதன் மறுபக்கமும் உண்டு. தமிழ் பிடிக்கும் என்று சொல்கிற பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே இலக்கியத்தில் நாட்டம் இருக்கும். சிலருக்கோ, நாள் முழுக்க நடக்கும் வகுப்புகளில் தமிழ் வகுப்பு ஒன்றில்தான் மூச்சு விட முடிந்திருக்கும். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே ஒரு பிள்ளை பிடிக்கும், பிடிக்காது என்று சொன்னால், அந்தப் பாடத்தை எந்த மொழியில், யாரிடம் படித்தாய் என்று கேட்பேன். நல்ல ஆசிரியர் ஒருவர் போதும், வேதியியல்கூடப் பிடித்துப்போகும். கல்லூரிக்குப் போனால் அந்த ஆசிரியர் கூட வரமாட்டார். மதிப்பெண் கொடுக்கும் போதைக்கும் பிடிப்புக்கும் இதே குழப்பம் உண்டு. 1971இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் மாணவர்களிடம் துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார். சும்மா ஆடியவர்கள் ஓய்வு நேரத்திலும் ஆடினார்கள். காசு கொடுக்கப்பட்டவர்களுக்கோ காசு நின்றதும் ஆர்வம் குறைந்தது. முழு மதிப்பெண் வாங்குவதால் ஒரு பாடம் பிடிக்கிற பிள்ளைக்கு, கல்லூரியில் முதல் செமஸ்டரில் அறுபது வாங்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எனக்குத் தமிழ் பிடிக்கும், கணிதம் சலிக்காது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இருபது வயதுக்கு மேல்தான் விளங்கியது. கதை, கவிதை என்றால் ராத்திரி முழுக்கப் படிப்பேன். ஆனால் ஒரு சொல்லுக்கு ஓலைச்சுவடியில் நான்கு பாடபேதங்கள் இருக்கின்றன, எது சரி என்று உட்கார்ந்து ஒப்பிடு என்றால் அரை மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடும். அதே நான், வராத கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்திருக்கிறேன், அலுப்பு வந்ததில்லை. ஒரு துறையின் இனிப்பான பகுதி எல்லோருக்கும் பிடிக்கும். அதன் சலிப்பான பகுதியைத் தாங்க முடிகிறதா என்பதுதான் அந்தத் துறை நமக்கானதா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு படிப்புக்கும் அப்படி ஒரு பகுதி உண்டு, சேர்க்கைக் கையேட்டில் அது மட்டும் இருக்காது. கேரளத்தில் இப்போது உளவியலுக்கு ஏகப்பட்ட மவுசு. மனசைப் படிக்கப் போகிறேன் என்று சேர்கிறவர்கள் புள்ளியியலையும் ஆய்வறிக்கையையும் எதிர்பார்ப்பதில்லை. சட்டம் என்றால் வாதாடுவது என்று நினைப்பார்கள், நூறு பக்கத் தீர்ப்பை அடிக்கோடிட்டுப் படிப்பதுதான் அன்றாட வேலை. வரலாறு படிப்பவருக்குப் போர்க்கதைகள் எப்போதாவதுதான், மற்ற நேரமெல்லாம் வரிக்கணக்கும் நிலக்கணக்கும். கணினியில் எழுதுகிற நேரத்தைவிடத் தவறு தேடுகிற நேரம் அதிகம். செவிலியர் படிப்பின் சலிப்பைச் சலிப்பு என்று சொன்னால் பாவம், இரவுப் பணி முடித்துக் கால் வீங்கி வரும் பெண்களைக் கேட்டால் தெரியும். பி.காம். பற்றி நான் சொல்வதற்கு எதுவுமில்லை, ஒரு ரூபாய் இடிக்கிற கணக்கை இரவு பதினொரு மணிக்கு மகிழ்ச்சியாகத் தேடுகிறவர்களைப் பார்த்து வியந்திருக்கிறேன்.

"சேஷன் இயற்பியல் படித்தார், ஐ.ஏ.எஸ். ஆகவில்லையா?" என்று இந்தப் பேச்சில் ஒருவர் கட்டாயம் கேட்பார். பாலக்காட்டுத் திருநெல்லாயியில் 1932இல் பிறந்த டி.என். சேஷன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்து, அங்கேயே சிறிது காலம் கற்பித்து, 1955இல் ஆட்சிப்பணிக்குப் போய், 1990இல் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார். உண்மைதான். எந்தப் பட்டத்திலிருந்தும் எங்கும் போகலாம் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் அதே வகுப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கதை நமக்குத் தெரியாது. வென்றவர் ஒருவரை மட்டும் வைத்து விதி எழுதுவது, பரிசு விழுந்தவரைப் பார்த்து லாட்டரியை முதலீடு என்று நம்புவது போன்றது.

விலையும் நிச்சயமில்லை, ஆசையும் நிச்சயமில்லை என்றால் பிறகு எதைப் பார்ப்பது? என் கணக்கில் பட்டம் என்பது முதலில் ஒரு சாவி. எந்தப் பூட்டைத் திறக்கும், எதைத் திறக்காது என்பது எழுத்தில் இருக்கிறது, இன்றைக்கே படித்துத் தெரிந்துகொள்ளலாம். எல்லையில் இருப்பவர்களுக்குப் பூட்டுகள் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பக்கத்திலேயே பிரிட்டிஷ் மலபார். 1956 நவம்பரில் மொழிவழி மாநிலம் பிரித்தபோது எல்லாம் சேர்ந்து கேரளம் ஆயிற்று. தமிழ் பேசும் ஊர்கள் கோட்டுக்கு மேற்கே தங்கின. ஆழியாற்றுத் தண்ணீருக்குத் தமிழ்நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறது, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நமக்கு வர வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. காலையில் கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கும் போகிற பஸ்களில் கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். மாநிலம் தாண்டியதும் அவர்கள் தமிழர்கள்தான், ஆனால் சட்டப்படி வெளிமாநிலத்தார்.

இதன் பொருள் என்ன என்று பலர் சேர்ந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது, பிறகு பொறியியலுக்கும் விரித்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தது கணக்கில் வராது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் அப்படியே. பக்கத்து பெஞ்சில் இருக்கும் ஆனைமலைப் பெண்ணின் வங்கிக் கணக்கில் அது ஏறும், எருத்தேம்பதிப் பெண்ணுக்கு ஏறாது. கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழைத் தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அங்கே பொதுப்பிரிவுதான். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020இல் திருத்தி, பள்ளி தொடங்கிப் பட்டம் வரை தமிழ் வழி என்று இறுக்கிவிட்டார்கள். பத்தாம் வகுப்போடு தமிழ் வழி நின்றுபோகிற எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதவும் இல்லை.

இந்தப் பக்கம் திரும்பினால் சில கதவுகள் நமக்கென்றே இருக்கின்றன. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தந்தது. அந்த உரிமை காகிதத்தில் நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டும். அதனால் கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) "தமிழும் மலையாளமும் அறிந்த" கிளார்க் பணிக்குத் தனியாக அறிவிப்பு விடுகிறது. தமிழ் வழிப் பள்ளிகளுக்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் முதல் உயர்நிலைப்பள்ளிக் கணித, அறிவியல் ஆசிரியர் வரை பாடவாரியாக, மாவட்டவாரியாகத் தனிப் பட்டியல் உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட் வினாத்தாளும் தமிழில் கிடைக்கிறது. இடங்கள் குறைவு, அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும், இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் போட்டியிடும் கூட்டமும் சிறியது. கேரளம் முழுக்கக் கணிதப் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், தமிழில் கணிதம் கற்பிக்கத் தகுதியோடு நிற்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பட்டத்தின் மதிப்பைத் தனியாக எடைபோட்டால் இது தெரியாது, அதோடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைச் சேர்த்து எடைபோட வேண்டும். மொழி இரண்டும் தெரிந்தவன் என்பதை எங்கள் பிள்ளைகள் குறையாகவே நினைத்து வளர்கிறார்கள். வேலைச் சந்தையில் அவர்களுக்கு மட்டும் இருக்கிற சொத்து அது.

எனக்குக் கிடைத்த வேலையும் அந்த வழியில் கிடைத்ததுதான். அதனால் என் பேச்சில் ஒரு சாய்வு இருக்கலாம், வாசிப்பவர்கள் கழித்துக்கொள்ளட்டும்.

சாவியில் இன்னொரு நுணுக்கம், பட்டத்தின் பெயர். கல்லூரிகள் கவர்ச்சிக்காகப் பெயரை நீட்டுகின்றன. வெறும் கணிதம் போய், கணினிப் பயன்பாட்டோடு கணிதம் வரும். தாவரவியல் போய் ஏதோ ஒரு உயிரித் தொழில்நுட்பம் வரும். பாடம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் அரசுப் பணி அறிவிப்பில் இருக்கும் பெயரும் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் சிக்கல். எது எதற்குச் சமம், எது சமமல்ல என்று தமிழ்நாடு உயர்கல்வித் துறை அரசாணை அரசாணையாக வெளியிட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான். மாநிலம் கடந்து படித்தவர்களுக்கு இதோடு ஈக்விவலன்ஸ் (சமத்தகுதி) சான்றிதழ் என்ற அலைச்சலும் சேரும். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் புதுப்பெயர் பட்டம் ஒன்றை முதல் வகுப்பில் முடித்த என் மாணவர் ஒருவர், பி.எட். சேர்க்கைக்கு வந்தபோது தாவரவியல் பட்டமாக இது ஏற்கப்படுமா என்ற கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விட்டது. சேரும் முன் அரை மணி நேரம் செலவழித்து ஒரு பழைய பி.எஸ்.சி. அறிவிப்பைப் படித்திருந்தால் போதும். அதைச் சொல்லிக்கொடுக்காதது என் தவறும்தான்.

பிடித்ததா, பிழைப்பா என்ற முடிச்சைக் கேரளம் 2024 ஜூலையில் தன் வழியில் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. நான்காண்டுப் பட்டம் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் 133 கிரெடிட்டோடு (பாடங்களை முடித்துச் சேர்க்கும் புள்ளிகள்) பட்டம் வாங்கி வெளியேறலாம், நான்காம் வருடமும் இருந்து 177 கிரெடிட் முடித்தால் ஹானர்ஸ். ஹானர்ஸ் முடித்தவருக்கு முதுகலை ஓராண்டில் முடியும். நமக்கு முக்கியமானது இதுதான்: ஒரு மேஜர், அதாவது முதன்மைப் பாடம், கூடவே மைனர் எனப்படும் துணைப் பாடங்கள். மேஜரைப் பிழைப்புக்கும் மைனரை ஆசைக்கும் வைத்துக்கொள்ளலாம், அல்லது தலைகீழாக. முதல் வருடம் போன பிறகு மேஜரையே மாற்றிக்கொள்ளவும் நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில், கல்லூரியில் எந்தத் துறைகள் இருக்கின்றனவோ அவற்றுக்குள்தான் தேர்வு. நான்கு துறை உள்ள சிறிய கல்லூரியில் சுதந்திரமும் நான்குதான். சித்தூர் அரசுக் கல்லூரி 1947இல் தொடங்கியது, தமிழ்த்துறையும் உண்டு, கணிதமும் உண்டு, அதனால் இங்கே கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ் இருக்கிறது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் சேர்ந்தால் பெரும்பாலும் பழைய மூன்றாண்டு முறைதான். ஒரே வீட்டில் அக்கா மூன்று வருடமும் தங்கை நான்கு வருடமும் படிக்கிற காலம் வந்திருக்கிறது.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் நேர்மையாக இராது. ஆசைப்பட்டதைப் படி என்று அறிவுரை சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கும். கள் இறக்கியும் கடலை பிடுங்கியும் வரும் கூலியில் படிக்கிற பிள்ளைக்கு மூன்று வருடம் என்பது மூன்று வருடச் சம்பளம் போனதற்குச் சமம். அங்கே விலையைக் கேட்கிற அப்பாவை ரசனை இல்லாதவர் என்று ஏளனம் செய்ய எனக்கு வாய் வராது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு அளவுகோலும் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடு திரும்புகிற பஸ் இருக்கிறதா? எத்தனையோ பெண்களின் பட்டத்தை ஆசையும் வேலையும் தீர்மானிக்கவில்லை, கடைசி பஸ்தான் தீர்மானித்தது.

அதன் விளைவு புள்ளிவிவரத்திலும் தெரிகிறது. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 முதல் 29 வயது வரையிலான கேரள இளைஞர்களில், வேலையில் இருப்பவர்களையும் தேடுகிறவர்களையும் சேர்த்த கூட்டத்தில், வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 29.9 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்தால் 47.1. நாட்டின் சராசரி 10.2தான். படித்தவர்கள் அதிகமுள்ள மாநிலத்தில் இப்படி என்றால் படிப்பே வீண் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அவசர முடிவு அது. வேலையில்லாதவர் கணக்கில் வேலை தேடுகிறவர்கள்தான் வருவார்கள். படித்தவர்கள் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருந்து தேடுகிறார்கள், படிக்காதவர்கள் கிடைத்த வேலைக்குப் போய்விடுவதால் கணக்கில் வருவதில்லை. காத்திருக்க வீட்டில் வசதி இருப்பதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. இருந்தாலும் பாதிக்குப் பாதி என்பது சிறிய எண் இல்லை. அந்த அப்பாவிடம் இதை மறைத்துவிட்டு ஆசை பற்றிப் பேசியிருந்தால் அது ஏமாற்று.

திண்ணைக்குத் திரும்பி வருகிறேன். அந்தப் பெண்ணிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். தமிழில் எது பிடிக்கும்? கதை எழுதப் பிடிக்கும், சார். இலக்கணம்? முகத்தைச் சுளித்தாள். கணக்கு வராதபோது என்ன செய்வாய்? "வருகிற வரைக்கும் போட்டுப் பார்ப்பேன் சார்." அப்பா குறுக்கிட்டு, "ராத்திரி விளக்கை அணைக்கவே மாட்டாள், வாத்தியாரே. கரண்ட் பில்லைப் பார்த்தால் தெரியும்" என்றார். அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் முடிவை நான் சொல்லவில்லை. எந்தப் பட்டம் எந்தப் பணிக்குப் போகும் என்று பழைய பி.எஸ்.சி. அறிவிப்புகள் இரண்டை எடுத்துக்கொடுத்து, மேஜர், மைனர் கணக்கை விளக்கி, நாளை வா என்று அனுப்பினேன்.

மறுநாள் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தில் ஆப்ஷன் பட்டியலை அவளே வரிசைப்படுத்தினாள். முதலில் சித்தூரில் கணிதம், இரண்டாவது அங்கேயே தமிழ், மூன்றாவது பொருளியல். கணிதம் கிடைத்தால் தமிழை மைனராக எடுக்க முடியுமா என்று கல்லூரியில் போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். அப்பா அந்த நேரம் முழுக்க வெளியே நின்று சந்தைக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பெட்டி விலை இறங்கிவிட்டதாம்.

முதல் அலாட்மென்ட்டில் பொருளியல் வந்தது. கட்டணத்தைக் கட்டி இடத்தைப் பிடித்துவைத்துவிட்டு, பட்டியலில் அதற்கு மேலே இருக்கும் ஆப்ஷன்களை நீக்காமல் விட்டிருக்கிறாள். அடுத்த பட்டியல் இன்னும் வரவில்லை.